மாம்பழப் பெட்டியும் மாநகரசபையும்

“ஆரோ முறைப்பாடு செய்திருக்கினம், அங்கிள். நடைபாதையிலை பெட்டி அடுக்கக்கூடாது. நாளைக்குள்ளை எடுக்காட்டி தண்டம் வரும்.”

சிற்றியிலிருந்து, அதாவது மாநகரசபையிலிருந்து, வந்த லக்சிகா மரியாதையாகத்தான் சொன்னாள். அருள்நாயகத்துக்குத்தான் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது.

மில்லிக்கன் பகுதியில் அவருடைய மரக்கறிக்கடைக்கு அடையாளமே வாசலில் இருக்கும் அந்தப் பெட்டிகள்தான். மாம்பழம், மரவள்ளி, வாழைக்காய், பூசணி. காலையில் அவரே தூக்கி வெளியே அடுக்குவார். கடை பூட்டமுன் அவரே தூக்கி உள்ளே வைப்பார். வேறு ஒருவரையும் தொட விடமாட்டார்.

“ஆர் பிள்ளை செய்தது?”

“சொறி அங்கிள். அது கொன்ஃபிடென்ஷல், சொல்லேலாது.”

“நீர் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரியும்!”

அவள் போனதுதான் தாமதம், பக்கத்துத் தையல்கடைக்குள் புகுந்தார். ஸுபைர் யாருடையதோ காற்சட்டையின் காலை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். போன கிழமைதான் அவர், “அண்ணை, உந்தப் பெட்டியளை ஏன் வெளியிலை வைக்கிறியள்?” என்று கேட்டிருந்தார்.

“ஸுபைர், சிற்றிக்குப் போன் அடிச்சுச் சொன்னது நீர்தானே?”

ஸுபைர் மெஷினை நிற்பாட்டினார். அருள்நாயகத்துக்குப் பின்னாலேயே ஓடிவந்த அவர் மனைவி கிளடிஸ் வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

“சொல்லுமன்!” என்றார் அருள்நாயகம்.

“ஓம் அண்ணை,” என்றார் ஸுபைர். “கோவியாதையுங்கோ.”

“கோவியாமல்? ஒரே பிளாஸாவிலை பக்கத்துப் பக்கத்துக் கடையிலை இருந்துகொண்டு, நான் ஊத்தித் தந்த தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, எனக்கே குழி பறிக்கிறீரோ?”

அன்றோடு பேச்சு நின்றது. தேத்தண்ணியும் நின்றது.

பெட்டிகள் உள்ளே போயின. கண்ணாடிக்குப் பின்னால் சரிவாக ஒரு தட்டு அடித்து மாம்பழங்களை அதிலேயே நிரந்தரமாக அடுக்கி வைத்தார். வியாபாரம் குறையவில்லை. முன்னையைவிடக் கொஞ்சம் கூடினது போலக்கூட இருந்தது. ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்வாரா? கறிவேப்பிலை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஸுபைரின் துரோகத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

“உவரிட்டை உடுப்புத் தைக்கக் குடுக்காதையுங்கோ. நாளைக்கு உங்களைப் பற்றியும் போன் அடிப்பார்.”

சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். சிலர் உண்மையிலேயே வேறு தையல்கடை தேடினார்கள்.

“பாவம், விடுங்கோவன்,” என்றாள் கிளடிஸ்.

“எப்பிடி விடுறது? கவுன்சிலர் கூட்டம் வைக்கிறா. அங்கை எழும்பிப் பேர் சொல்லிக் கேக்கப்போறன்.”

கிளடிஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கூட்டத்தன்று நூலக மண்டபம் நிறைந்திருந்தது. பனி வழிப்பது, பஸ் தரிப்பிடம், குப்பைத்தொட்டி என்று ஒவ்வொருவரும் கேட்டு முடிய, அருள்நாயகம் புதுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினார். இரண்டு வரிசை தள்ளி ஸுபைர் குனிந்தபடி இருந்தார்.

“மடம் கவுன்சிலர்! எங்கடை பிளாஸாவிலை ஒருத்தர் எரிச்சலிலை என்னைப் பற்றிச் சிற்றிக்கு முறைப்பாடு செய்தவர். அவரின்ரை பேர்…”

“கிளடிஸ்,” என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

அருள்நாயகம் திரும்பினார். மனைவி எழும்பி நின்றாள்.

“நான்தான் போன் அடிச்சனான். எங்கடை கடையிலை நிண்டு கதைச்சா இவருக்குக் கேக்கும் எண்டு ஸுபைர் தம்பியின்ரை கடையிலை நிண்டு கதைச்சனான். தமிழிலைதான் சொன்னனான். அவையள் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தந்தவை.”

“நீரோ? எனக்கு எதிராயோ?”

“உங்களுக்கு நெஞ்சிலை அடைப்புக்கு ஸ்ரென்ற் வைச்சிருக்கு. பாரம் தூக்கக்கூடாதெண்டு டொக்டர் சொன்னார், கேட்டியளோ? மகள் அழுதாள், கேட்டியளோ? சேர்ச் சுவாமியாரும் சொல்லிப் பாத்தார். இந்த நாட்டிலை நீங்கள் பயப்பிடுறது சிற்றிக்கு மட்டும்தான். வேறை என்ன செய்யிறது?”

பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். அவளோடு எல்லோரும் சிரித்தார்கள். என்ன நடந்தது என்று யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, கவுன்சிலரும் சிரித்து, கைதட்டினார்.

அருள்நாயகம் பொத்தென்று கதிரையில் இருந்தார். பெட்டி தூக்காத இந்தக் கொஞ்ச நாளாக மூச்சு வாங்காமல் படி ஏறுவது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஸுபைரை மறித்தார். முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“உம்மடை வியாபாரத்தையே கெடுத்துப்போட்டன். நீர் செய்யாததுக்கு ஏன் ஓம் எண்டனீர்?”

ஸுபைர் சிரித்தார்.

“என்னோடை கோவிச்சா உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை, அண்ணை. கிளடிஸ் அக்காவோடை கோவிச்சுக்கொண்டு, வேளைக்கு மருந்து ஆரிட்டை வாங்கிக் குடிப்பியள்?”