நான்கு பொன்னுரங்கங்கள்

இறந்த எழுத்தாளரின் புத்தகங்களிலிருந்து அவரைப் போலப் பேசும் குரலைச் செய்து, ஒரு பெட்டியில் வைத்து வீட்டாருக்குக் கொடுப்பது நூலகத்தின் வழக்கம். பொன்னுரங்கம் எழுதியது கோழி நோய்களைப் பற்றிய ஒரே ஒரு புத்தகம். நூலக அட்டவணையிலோ அதே பெயருள்ள கவிஞரும் சமையல்காரரும் பயணக்கட்டுரையாளரும் அவரோடு ஒரே ஆளாகிவிட்டிருந்தார்கள். மகன் முருகவேளுக்கு இன்றுதான் அது தெரிந்தது.

"அம்மா, நாலு பேரைக் கலந்துட்டாங்க. அப்பாவை மட்டும் பிரிச்சுத் தரச் சொல்லியிருக்கேன்."

"வேண்டாம்டா. இது அவரில்லைன்னு மொத நாளே தெரியும். உங்கப்பா என்னைக்கு என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டாரு? கோழி தின்னுச்சான்னுதான் கேப்பாரு."

முருகவேள் சிரித்தான்.

"என்ன சிரிப்பு? நீ மட்டும் கேட்டியாக்கும்!"

அவனுக்கு முகம் சுண்டிப்போனது. இப்போதாவது கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் அலமாரியில் இருந்த பெட்டியிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"சாப்பிட்டியா, குழலி?"

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலீங்க" என்றாள் அம்மா.