நாற்பதுக்கு எந்தக் கட்டம்

மேலாளர் அறைக் கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு படிவத்தின் நகலை மேசைமேல் வைத்தார்.

"தலைமை அலுவலகத்துலேருந்து வந்திருக்கு. இதை எழுதினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

புள்ளிவிவர எழுத்தர் குனிந்து படித்தார். 'அலுவலகம் உருப்பட வேண்டுமானால் இந்த மேலாளரை உடனே வேறு ஊருக்கு மாற்றுங்கள்.' எழுத்து கோணல்மாணலாக இருந்தது. இடது கையால் எழுதினால் அப்படித்தான் வரும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். எழுதியவரே அவர்தான்.

போன மாதம் தலைமை அலுவலகம் ஊழியர்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. பெயர் வேண்டாம், வயதும் பணிக்காலமும் எந்தப் பிரிவில் வருகின்றன என்று குறித்தால் போதும் என்றது. பெயர் வேண்டாம் என்றதும் எழுத்தருக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது.

வராமல் என்ன செய்யும்? வாரம் முழுக்க எல்லார் மேலும் எரிந்து விழுகிற மனிதர் இந்த மேலாளர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம், அதுவும் பையும் கையுமாக ஐந்தரை மணி பஸ்ஸுக்கு ஓடும்போது.

"பேர் இல்லையே சார்." எழுத்தர் நகலைத் திருப்பிப் பார்த்தார்.

"வயசு இருக்கு, சர்வீஸ் இருக்கு. நாப்பதுலேருந்து அம்பது வயசு, பத்துலேருந்து இருபது வருஷ சர்வீஸ். நம்ம அம்பத்தெட்டுப் பேரையும் கட்டம் போட்டுப் பிரிங்க. அந்தக் கட்டத்துல யார் யார் விழறாங்கன்னு பாத்துடலாம். மூணு மணிக்கு அட்டவணை வேணும், பேர்ப் பட்டியலோட."

எழுத்தர் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளச் சம்பளம் வாங்குகிற ஆள் ஊரிலேயே தான் ஒருவர்தான் என்று தோன்றியது. பணிப்பதிவேட்டைப் பிரித்தார். குறுக்கே வயது, நெடுக்கே பணிக்காலம். ஆளுக்கு ஒரு கோடு, ஐந்தாவது ஆளுக்குக் குறுக்குக் கோடு.

மேலாளர் கேட்ட கட்டத்தில் கடைசியில் இரண்டே கோடுகள் நின்றன. ஒன்று கிடங்குப் பொறுப்பாளர், இன்னொன்று எழுத்தரே.

அவருக்கு நாற்பது முடிந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. படிவம் கொடுத்த அன்று நாற்காலிமேல் ஏறி நின்று அலுவலகத்துக்கே பாடம் நடத்தியதும் அவரேதான். "முப்பதுலேருந்து நாப்பதுன்னா நாப்பது அதுல சேராது. நாப்பது முடிஞ்சவங்க அடுத்த பிரிவுக்குப் போயிடணும். பாத்துக் குறிங்க." அப்படியே தானும் குறித்துத் தொலைத்தார்.

அந்த விதி அலுவலகத்தில் இன்னும் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது? அன்றே பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

அழிப்பானை எடுத்தார். தன் கோட்டை அழித்து, பக்கத்தில் இருந்த முப்பது – நாற்பது கட்டத்தில் போட்டார். பட்டியலிலும் தன் பெயரை அங்கே நகர்த்தினார்.

இப்போது மாட்டிக்கொண்டு நின்றவர் கிடங்குப் பொறுப்பாளர் மட்டும். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். கருத்து எழுதும் இடத்தில் 'எல்லாம் நலம்' என்று எழுதிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று இவரிடமே காட்டிக் கேட்டவர்.

எழுத்தருக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மேலாளர் பதவிக்காகப் பதினோரு வருடமாக வரிசையில் நிற்கிறவர், இந்த ஒரு வரிக்காக வேலையையே விட்டுவிட்டுப் போக முடியுமா? அட்டவணையைச் சுத்தமாக நகல் எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கு உள்ளே போனார்.

"ஒரே ஆள்தானா? நல்லா பாத்தீங்களா?"

"நல்லா பாத்துட்டேன் சார்."

"கிடங்குக்காரரா? இருக்கிற இடமே தெரியாம இருப்பாரே, அவரா?"

எழுத்தர் தரையைப் பார்த்தார். நிமிர்ந்தபோது மேலாளரின் கண் கலங்கியிருந்தது.

"மூணு வருஷமா பொண்டாட்டி புள்ளைங்க ஒரு ஊரு, நான் ஒரு ஊரு. மாத்தல் கேட்டுப் பதினாலு மனு போட்டேன், அசையவே இல்ல. இந்த மனுஷன் ஒத்த வரி எழுதினாரு, நேத்து உத்தரவு வந்துடுச்சு. அடுத்த திங்கக்கிழமை நான் என் வீட்டுலேருந்து வேலைக்குப் போறேன்."

எழுத்தர் மேசைமேல் இருந்த அட்டவணையை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"வெளிய தெரிஞ்சா கொண்டாடிடுவானுங்கன்னுதான் கதவைச் சாத்தினேன். என் இடத்துக்கு ஒரு பேரைச் சொல்லுன்னு மேலே கேட்டிருக்காங்க. மனசுல பட்டதை எழுதற தைரியம் இருக்கே, அந்த ஆளுக்குத்தான் இந்த நாற்காலின்னு முடிவு பண்ணிட்டேன்." பேசிக்கொண்டே சிபாரிசுக் கடிதத்தில் கிடங்குப் பொறுப்பாளரின் பெயரை நிதானமாக எழுதினார்.

"சார்." எழுத்தர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அந்த அட்டவணையில ஒரு சின்னத் திருத்தம். நாப்பது வயசை எந்தப் பிரிவுல வைக்கணும்கிறதுல..."

மேலாளரின் விரல் பட்டியலில் ஒரு கட்டம் தள்ளிப் போய், எழுத்தரின் பெயரில் நின்றது.

"நீங்க இன்னும் நாப்பதுக்குள்ளதானே இருக்கீங்க? வயசு இருக்கு, பொறுங்க."