ஒரு பெயில்கூட இல்லை

"ஸ்கூலுக்குப் போக வேண்டிய பிள்ளைய இங்க உக்கார வச்சு மாலை கட்டச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

பெரிய மார்க்கெட்டின் பூக்கடை வரிசையே திரும்பிப் பார்த்தது.

தீபலட்சுமி டீச்சர் பேசாமல் மாலையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். பத்து மணிக்குப் பள்ளியில் விழா. ஆனால் இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். எதையும் கண்டுகொள்ளாமல் போகும் பழக்கம் அவளுக்கு இன்னும் வரவில்லை.

பூக்காரி சின்னப்பாப்பா தலை நிமிரவில்லை. பக்கத்தில் அவள் மகள் சிந்துஜா. பதினோரு வயது இருக்கும். ரோஜாவை நாரில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா படிக்கிற?" டீச்சர் சிறுமியிடம் கேட்டாள்.

"அஞ்சாவதோட நின்னுட்டேன்."

"ஏன்?"

"எனக்குப் படிப்பு வராது டீச்சர்."

பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். டீச்சர் தாயின் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, நீதான சொல்லிச் சொல்லி இவ மனசக் கெடுத்து வச்சிருக்க?"

"நான் ஏன் டீச்சர் சொல்லப் போறேன்? டிசி வாங்கிக் கோட்டக்குப்பத்துல சேக்கலாம்னுதான் கூட்டிட்டுப் போனேன்."

"கோட்டக்குப்பம் எதுக்கு?"

"இங்கதான் இப்ப அஞ்சாவதுலயே பெயில் போடறாங்களே. அது தமிழ்நாடு. அங்க பெயிலே கிடையாதாமே."

முத்தியால்பேட்டை யூனியன் பிரதேசம்; தெருவைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம். ஆள் தாண்டினால் சட்டமும் மாறிவிடும். டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளையை உட்கார வைத்து நாலு எழுத்துப் படிக்கச் சொல்லத் தெரியவில்லை, குறுக்கு வழி மட்டும் நன்றாகத் தெரிகிறது!

"சரி, சேத்தியா?"

"வருசக் கடைசில வந்து நின்னா எப்படி, ஜூன்ல வான்னுட்டாங்க. ஜூன்ல இவ வரமாட்டேன்னுட்டா. அடிச்சும் பாத்துட்டேன் டீச்சர். இடத்த விட்டு எழுந்திருக்கவே இல்ல."

"பொண்ணு வாழ்க்கையவே பாழாக்கிட்டியேம்மா!"

"நல்லா கேளுங்க டீச்சர்! நாங்க சொன்னா எங்க காதுல ஏறுது?" பக்கத்துக் கடை வெற்றிவேல் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

சின்னப்பாப்பா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அழுவதைப் பார்த்தும் சிந்துஜாவின் கை நிற்கவில்லை. இதெல்லாம் அவளுக்குப் பழகிப் போயிருந்தது. அதைப் பார்க்கத்தான் டீச்சருக்கு இன்னும் வேதனையாக இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அழாதம்மா. நடந்தது நடந்துபோச்சு. நான் இவள எங்க ஸ்கூல்ல சேத்துவிடறேன். எங்க ஹெட்மாஸ்டர் மாதிரி ஒருத்தரப் பாக்க முடியாது. போன வருஷம் எங்க ஸ்கூல்ல ஒரு பெயில்கூட இல்ல. பாதியில நின்ன பிள்ளைன்னு ஒண்ணுகூட இல்ல. அதுக்குத்தான் இன்னைக்கு அவருக்குப் பாராட்டு விழா. இந்த மாலையே அவருக்குத்தான்."

"எந்த ஸ்கூலு டீச்சர்?"

"முத்தியால்பேட்டைல. ஜானகிராமன் சார்."

சின்னப்பாப்பாவின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"ஜானகிராமன் சாருக்கா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா! அடியே, அதப் பிரிச்சுட்டு நெருக்கமா கட்டுடி. நம்ம சாருக்குப் போற மாலை!"

சிந்துஜா நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

"சாரை உங்களுக்குத் தெரியுமா?" டீச்சர் கேட்டாள்.

"தெரியாமயா? இவ அங்கதான டீச்சர் படிச்சா! தங்கமான மனுஷன். பரீட்சைக்கு முன்னாடி அவரே என்னக் கூப்பிட்டு, 'உம்பொண்ணுக்குப் படிப்பு வராது, இங்க எழுதினா பெயில்தான், உனக்குத்தான் அசிங்கம், அந்தப் பக்கம் போய்ச் சேத்துடு'ன்னு சொல்லி, நான் கேக்காமலே டிசியக் கையில குடுத்து அனுப்பினாரு. எங்க மேல அவ்ளோ அக்கறை டீச்சர் அவருக்கு!"