உயராத கை

எல்லாக் கைகளும் மேலே இருந்தன.

அவள் கை மட்டும் மடியில் இருந்தது.

"கையத் தூக்குங்க சிஸ்டர்," என்றார் பாஸ்டர் நெகேமியா, மைக்கில்.

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஜெபக்கூடத்தின் சிமெண்ட் ஷீட் கூரைக்கடியில், பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாஸ்டருக்குப் பக்கத்தில் கிதியோன் நின்றிருந்தார். கட்சித் துண்டை வாசலிலேயே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார். இந்த வார்டின் கவுன்சிலர். இந்தத் தேர்தலிலும் நிற்கிறார். இதே சபையில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத்தான் ஓட்டு என்று ஆண்டவர் முன்னால் கை உயர்த்தி வாக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார் பாஸ்டர்.

"நம்ம ஆளு," என்றும் சொல்லியிருந்தார்.

அந்தச் சொல்லில்தான் அவள் கை கீழே வந்தது.

அதுவரைக்கும் உயர்ந்துதான் இருந்தது. பாட்டு நடந்துகொண்டிருந்தது. பனியன் கம்பெனியில் வாரம் முழுக்கக் குனிந்து பிசிறு வெட்டுகிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு கையையும் தூக்கிக் கண்ணை மூடும்போதுதான் முதுகு நிமிரும்.

அந்தக் கையை அவள் எந்த மனிதனுக்காகவும் தூக்கியதில்லை.

எழுந்தாள். பக்கத்திலிருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். விடுவித்துக்கொண்டாள்.

"என்னால தூக்க முடியாதுங்கய்யா. எம்பட ஓட்டு மயிலாத்தாளுக்குங்க."

பின்வரிசையில் யாரோ 'ஸ்தோத்திரம்' என்று பழக்கத்தில் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

மயிலாத்தாள் பக்கத்து வீட்டுக்காரி. மாவு மில் வைத்திருக்கிறாள். நெற்றி நிறையத் திருநீறு. ஆடி மாதம் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். சுயேச்சையாக நிற்கிறாள்.

"அவங்க விக்கிரகத்தக் கும்புடறவங்க, சிஸ்டர்."

"அவங்க சாமிய அவங்க கும்புடறாங்க. எஞ்சாமிய என்னையக் கும்புட விட்டாங்க."

கிதியோன் சிரித்தார். மேடைக்குப் பழகிய சிரிப்பு. அது பாதியிலேயே நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஜெபக்கூடத்தைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். பாட்டுச் சத்தம் இடைஞ்சல் என்று புகார். தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டார். 'இனி இந்தத் தெருவில் கூடி ஜெபிக்க மாட்டோம்' என்ற தாளில், சபையார் சார்பில் என்று போட்டுக் கையெழுத்து வைத்தவர் கிதியோன்.

அவளை யாரும் கேட்கவில்லை.

அதே கூட்டத்தில்தான் மயிலாத்தாள் எழுந்து, "பக்கத்து வீடு நாந்தானுங்க. எனக்கொரு இடைஞ்சலும் இல்லீங்க," என்றாள். எழுதியும் கொடுத்தாள். அந்தத் தாளைக் காட்டித்தான் பிறகு சபையார் கோர்ட்டில் பூட்டைத் திறக்க உத்தரவு வாங்கினார்கள். உத்தரவு வரும்வரை பதினோரு ஞாயிறு, மில்லை நிறுத்திவிட்டுப் பின்கட்டை அவர்களுக்குத் திறந்துவிட்டாள். தெருவில் பாதிப் பேர் மிளகாய் அரைக்க வேறு மில்லுக்குப் போனார்கள். இன்னும் திரும்பி வரவில்லை.

"சமாதானத்துக்காகத்தானம்மா கையெழுத்துப் போட்டேன்," என்றார் கிதியோன். "அன்னைக்குப் போடலீன்னா என்ன ஆயிருக்கும், சொல்லு."

"தெரியலீங்கண்ணா. நான் எங்க முழங்கால் போடறதுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க. அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருக்கறதுங்க. இப்ப எம்பட ஓட்டையும் நீங்களே எழுதிக்கறீங்க."

குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே சொல்லி முடித்தாள்.

உட்கார்ந்தாள்.

பாஸ்டர் மைக்கை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டார்.

மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்து நாள். வெள்ளைத் துணி மூடிய மேசையில் அப்பமும் திராட்சை ரசமும் இருந்தன.

"மனசுல கசப்ப வச்சுக்கிட்டு யாரும் இன்னைக்கு இந்த அப்பத்தத் தொட வேண்டாம்," என்றார். கண்ணை மூடியபடி சொன்னார்.

தட்டு பாய் பாயாக வந்தது. ஏந்தி வந்த பெரியவர் அவளெதிரில் தயங்கினார். பாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி அடுத்தவளிடம் குனிந்தார்.

ஞானஸ்நானம் எடுத்துப் பதினான்கு வருஷம். ஒரு திருவிருந்தும் அவள் தவறவிட்டதில்லை. மில்லின் மாவு படிந்த தரையில் முழங்கால் போட்டுக்கூட வாங்கியிருக்கிறாள். அப்போது ஊரே எதிரில் நின்றிருந்தது. அப்போதுகூட யாரும் தட்டை அவளைத் தாண்டிக் கொண்டுபோனதில்லை.



வீட்டுக்குப் போய்விடலாம். வாசல் திறந்துதான் இருந்தது. அழுதுகொண்டு போனால் 'ஐயோ பாவம்' என்பார்கள். அடுத்த வாரம் வந்து மன்னிப்புக் கேட்டால் தட்டு அவளெதிரில் நிற்கும்.

அவள் எழுந்தாள். வாசலுக்குப் போகவில்லை.

பாய்களுக்கு நடுவே நடந்து மேசைக்குப் போனாள். முக்காட்டைச் சரிசெய்தாள். பாஸ்டருக்கு நேரே நின்று வலது கையை நீட்டினாள். உள்ளங்கை விரிந்திருந்தது.



பாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "நூத்திப் பன்னெண்டாவது பாட்டு," என்றார்.

ஒருவரும் ஆரம்பிக்கவில்லை.

மறுபடி எண்ணைச் சொன்னார்.

பக்கம் புரளும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அவள் கை நீட்டியபடியே இருந்தது.