உள்ளே படுப்பவன்

துளை போட்டாயிற்று. வெளித் தகட்டில் வரிசையாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு.

இனி ஒவ்வொரு துளையையும் அவன் வெல்டிங் வைத்து அடைக்க வேண்டும். அடைத்துவிட்டால் வெளித் தகடும் உள் தகடும் ஒன்றாகிவிடும். பெட்டியும் முடிந்துவிடும்.

பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி.

வரிசையின் நடுவில்தான் சிக்கல். இரண்டு தகட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளி. பட்டறையில் இருக்கிற எந்தக் கிளாம்ப்பும் அதுவரை எட்டாது. உள்ளே ஒரு ஆள் படுத்து, மரக்கட்டையை வைத்துத் தகட்டை வெளிப்பக்கமாக அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வெல்டிங் மேலாகவே உட்கார்ந்துகொள்ளும். பார்க்க லட்சணமாக இருக்கும். உள் தகட்டைப் பிடிக்காது.

எட்டு வருடமாக உள்ளே படுத்தவன் லூர்து.

இந்த ஊரில் கவுன்சிலருக்கு அடுத்து, படுத்துக்கொண்டே சம்பளம் வாங்குகிற ஆள் தான்தான் என்று சொல்லிக்கொள்வான். சில நாள் குறட்டையும் விடுவான்.

போன வாரம் தண்ணீர் லாரி அடித்துவிட்டது.

அவன் வீட்டுக்கு வந்த பெட்டி இவர்கள் செய்ததுதான். படுத்துப் பழகியவன். கச்சிதமாக இருந்தான்.

இன்று முதலாளி வேறு ஆளைப் படுக்கச் சொன்னார். ஒருவனுக்குக் காலையிலிருந்து முதுகுவலி. இன்னொருவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். முதலாளிக்குச் சர்க்கரை. சர்க்கரைக்கும் படுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

வெல்டிங் வைக்கிறவனுக்கு அதில் நிம்மதிதான். அந்த இடத்தில் இன்னொருவன் கால் நீட்டுவதைப் பார்க்க வேண்டியதில்லை.

கடைசியில் முதலாளியே தன் காரிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்தார். பெட்டிக்குள் குறுக்கே வைத்தார். இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து முறுக்கினார்.

தகடு இரண்டும் கப்பென்று ஒட்டிக்கொண்டன.

லூர்துகூட இப்படி அழுத்தியதில்லை.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். ஜாக்கிக்கு டீ வேண்டாம், லீவு வேண்டாம் என்றார். இத்தனை வருடம் இது ஏன் தோன்றவில்லை என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார்.

அவன் முகமூடியை இறக்கினான். வெல்டிங் கன்னை முதல் துளைக்குக் கொண்டுபோனான்.

"கண்ண மூடிக்கடா மாப்ள."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே இருக்கிறவன் கண்ணில் பொறி விழுந்துவிடக் கூடாதே என்று தினமும் சொல்லிவந்தது.

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை.

பெட்டியில் வைத்த அன்றைக்கு லூர்துவின் இடது கண் மூடவில்லை. அவன் அம்மா இமையை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்ததும் திறந்துகொண்டது. அப்படியேதான் மேல் கண்ணாடியைச் சாத்தினார்கள்.

கன்னைப் பிடித்திருந்தவன் விசையை அழுத்தவில்லை.

என்னப்பா, ஆரம்பிக்க வேண்டியதுதானே என்றார் முதலாளி.

அவன் திரும்பவில்லை. இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினான்.

கொஞ்சம் பொறுக்கச் சொல்லி.