மேல் எடைக்கு ஓடியவன்

"பாவாடை பயந்தாங்கொள்ளி! அந்த வருசம் குத்துச்சண்டைப் போட்டியில அவன் எடைப் பிரிவுல இருந்ததே ரெண்டு பேருதான். சிங்காரவேலுவோட மோதணுமேன்னு, வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு போட்டிக்கு எடை பாத்த முந்திரி மண்டித் தராசுல ஏறி, மேல் எடைக்கு ஓடிட்டான்!"

ஜெயங்கொண்டத்தில் புறப்பட்ட கும்பகோணம் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்சீட்டில் இருந்த குத்துச்சண்டை ரசிகர் கத்தினார்.

"அங்க தன்னைவிட கனத்த ஆளுகிட்ட பல்லு உடைபட்டானே, அதுக்குப் பேரு பயமா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"பின்ன ஏன் ஒதுங்குனான்? சண்டை போடாமலே சிங்காரவேலுக்குக் கப்பு!"

டிரைவர் திரும்பாமலே சொன்னார்: "இன்னொரு குத்து விழுந்தா சிங்காரவேலுக்குக் கண்ணு போயிடும்னு டாக்டர் சொல்லியிருந்தாருங்க. அதை மறைச்சிட்டுத்தான் சண்டைக்கு வந்தான். பாவாடைக்கு மட்டும் தெரியும்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"இந்தக் கண்ணை வச்சுத்தானேங்க பஸ் ஓட்டுறேன். அதோ, பாவாடை வூடு."

ஸ்டாப்பே இல்லாத இடத்தில் வேகத்தைக் குறைத்து, ஹார்னை நீளமாக அடித்தார் டிரைவர் சிங்காரவேலு.