பதினேழாம் எண் சாமி

சாமிக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றில் ஓர் அட்டை. தொடாதீர்கள்.

அவள் கயிற்றுக்கு இப்பால் நின்று கும்பிட்டாள். கையில் மகளின் கல்யாணப் பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது.

சாமிக்குக் கீழே இன்னோர் அட்டை. 'எண் 17. வேட்டை வீரன் நடுகல். சாலை விரிவாக்கத்தின்போது கண்டெடுக்கப்பட்டது.'

கண்டெடுத்தார்களாமே! ஐந்து தலைமுறையாகப் பொங்கல் வைத்த குலதெய்வம், தொலைந்தா கிடந்தது?

ஊரில் அதற்குப் பதிலாக ஒரு சிமெண்ட் சாமி வைத்திருக்கிறார்கள். பெயிண்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்லத்தான் தெரியாது. வேட்டைக்காரன் சாமி அப்படியில்லை. பத்திரிகையைக் காலடியில் வைத்து, "குடுக்கட்டுமா சாமி?" என்று கேட்டால் போதும். எங்கிருந்தாவது பல்லி சொல்லும். அதுதான் உத்தரவு. அதற்குப் பிறகுதான் ஊருக்குப் பத்திரிகை.

சாமியைப் பார்க்க மியூசியத்துக்குப் போகிறேன் என்றால் மகள் சிரிப்பாள். அதனால்தான் குழந்தைவேலு வாத்தியாரின் ஒருநாள் சுற்றுலாவில் பெயர் கொடுத்தாள்.

ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகம். முதலாவதில் உடைந்த பானைகளைப் பார்த்தாள். இரண்டாவதில் இன்னும் நன்றாக உடைந்த பானைகளைப் பார்த்தாள். வாத்தியார் ஒவ்வோர் ஓட்டுக்கும் கால்மணி நேரம் பேசினார். அவளும் விடாமல் தலையாட்டினாள். இப்படியும் ஒரு வரலாற்று ஆர்வமா என்று வாத்தியாருக்கே புல்லரித்துப் போயிற்று.

மூன்றாவது இது. தாலுகா ஆபீசுக்குப் பின்னால் ஒரே கூடம்.

கயிற்றைத் தாண்டிப் பத்திரிகையை நீட்டினாள்.

"ஏனுங்கம்மா, அதுமேல எதும் வைக்கக் கூடாதுங்க."

காவலாளி ஆறுச்சாமி. அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறவர்.

சரி, வைக்கவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"குடுக்கட்டுமா சாமி?"

மின்விசிறி சுற்றியது.

இன்னொரு தரம் கேட்டாள். சுவரையெல்லாம் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்ணா, இங்க பல்லி இருக்குதுங்களா?"

அவருக்கு முகமெல்லாம் பெருமை. "ஒண்ணுகூட இல்லீங்க. நேத்துத்தான் மருந்தடிச்சேன்."

அடப்பாவி மனுஷா!

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழாத குறையாக விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் கட்டுக்கட்டாகப் பத்திரிகை கிடக்கிறது. முகூர்த்தத்துக்குப் பதினெட்டே நாள். பத்திரிகை வைத்தாகிவிட்டதா என்று சம்பந்தியம்மாள் தினமும் போனில் கேட்கிறாள். சாமி வாய் திறக்காமல் எப்படிக் கொடுப்பது? பெற்ற வயிறு பயப்படாதா?

ஆறுச்சாமி தலையைச் சொறிந்தார்.

வெளியே வேன் ஹார்ன் அடித்தது. வாத்தியார் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

"துளசிமணி, பொழுதாச்சு, போலாமா?"

"நீங்க போங்க சார். நான் பஸ்ஸுல வந்துக்கறேன்."

நடுகல்லுக்கு முன்னால் சம்மணம் போட்டிருந்தவளைப் பார்த்து வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷம் பாடம் எடுத்தும் இப்படி ஒரு மாணவி வாய்க்கவில்லை. சத்தம் காட்டாமல் போய் டிரைவரைக் காத்திருக்கச் சொன்னார்.

மணி ஐந்தாயிற்று.

ஆறுச்சாமி ஜன்னல்களைச் சாத்தினார். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். கண்ணாடிப் பெட்டிப் பழங்காசுகள் இருட்டில் போயின. பானைகள் போயின. அவள் அசையவில்லை. சுவிட்சுப் பலகை தூணுக்குப் பின்னால் இருந்தது. அங்கே நின்று கடைசி விளக்கையும் அணைத்தார்.

மின்விசிறியும் நின்றது.

ச்சு.

ச்சு. ச்சு.

தூணுக்குப் பின்னாலிருந்துதான். மூன்றாவதோடு சாவிக்கொத்தும் லேசாகக் குலுங்கியது.

அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். கொஞ்சம் அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

கல்லிடம் போகவில்லை.

நேரே தூணுக்குப் பின்னால் போய், பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினாள். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வேண்டாமுங்ணா" என்று அவசரமாகத் தடுத்தாள். "மூணோட நிக்கட்டும். இன்னொருக்காச் சொன்னா பலன் மாறிப்போயிரும்."